துணைப்பாடமாக நுண்கலை

“நுண்கலை கற்றால் வயிறு நிறையுமோ?” என்னும் வினா எமது கரையோரத்துப் பெற்றோர் பலரிடத்து இன்றும் எழுகின்றது. அவ்வினாவை நாம் எள்ளி நகையாடோம். கடலிலும் உப்பளத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிப்போர்க்கு அவ்வாறு வினவும் உரிமையுண்டு. ஆயினும் நுண்கலை ஒன்றனையே முழுப்பாடமாகக் கொள்ளுதல் வேறு. பிறிதொன்றை முதன்மையாகக் கொண்டு நுண்கலையைத் துணையாகப் பயிலுதல் வேறு. இவ்வேற்றுமையை விளக்குதலே எம் நோக்கமாகும்.

இசை, நடனம், நாடகம், ஓவியம், சிற்பம் என்பன நுண்கலைகள். இவற்றுள் ஒன்றிலேயே பட்டம் பெற விழைவோர்க்கு எம் நாட்டிலே தமிழ்மொழி வாயிலான நிலையங்கள் உள. மருதனார்மடத்திலே 1960இல் இசைக்கெனத் தோன்றிய கலாசாலை, இராமநாதன் நுண்கலைக் கழகமாக வளர்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லடியிலே சுவாமி விபுலாநந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின்பாற்பட்டது. இத்தகைய கற்கைகளிற் சேர்தற்கு உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைத் தேர்விலும் தேறுதல் வேண்டும். இது சிலர்க்கே உரிய வழி.

மற்றொரு வழி பலர்க்கும் உரியது. கலைப்பீடத்திற் புகும் மாணவர் முதலாண்டிலே பெரும்பாலும் மூன்று பாடங்களைக் கற்பர். தமிழும் புவியியலும் கற்கும் ஒருவர், இடமுள்ள பல்கலைக்கழகத்திலே மூன்றாவதாக நாடகமும் அரங்கியலும், அன்றிக் கலைவரலாற்றைக் கொள்ளலாம். எப்பாடம் எதனோடு இணையும் என்பது பல்கலைக்கழகந்தோறும் வேறுபடும். ஆதலின் மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலையும், பீடத்தின் விதிகளையும் முன்னரே நோக்குதல் இன்றியமையாதது. இவ்வாறு கற்பதாற் பட்டத்தின் மதிப்புக் குன்றுவதில்லை. முதன்மைப் பாடத்தால் வரும் தொழில்வாய்ப்பும் கைநழுவுவதில்லை.

பயன் யாது எனின், முன்னோர் இருவரைக் காட்டுதும். விபுலாநந்த அடிகள் பயிற்றப்பட்ட ஆசிரியர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவர்தம் விஞ்ஞான அறிவும் கணித நுட்பமும் இசைப்பற்றோடு கூடியமையாலன்றோ 1947இல் அரங்கேறிய யாழ்நூல் எமக்குக் கிடைத்தது! பேராதனையிலே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக அரங்கேற்றினார். 1962இற் கர்ணன் போரும், 1964இல் இராவணேசனும் மேடை கண்டன. ஆடியோர் நாடகத்தைப் பட்டப்பாடமாகக் கற்றவரல்லர். வேறு பாடங்களைப் பயின்றுகொண்டே ஆடிய மாணவர். அவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பின்னாளில் நுண்கலைப் பேராசிரியராய் விளங்கினார். துணையாய்த் தொடங்கியது தலைமையாயிற்று.

இனி எமது கரைக்கு வருவாம். உடப்பிலே திரௌபதையம்மன் ஆலயத்துத் தீமிதிப்பும், அதனோடியைந்த பாரதக் கதையும் தொன்றுதொட்டு வருவன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல் அவ்வூரின் தனிச்செல்வம். ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி ஒருசேர இழுப்பர். பாட்டின் தாளமே பலரது வலிமையை ஒன்றாக்குவது. ஆயின் இயந்திரம் வலை இழுக்கத் தொடங்கிய இடத்திலே பாட்டுக்கு வேலையில்லை. வேலை ஒழியப் பாட்டும் ஒழியும். முதியவர் மறைய அவர் நெஞ்சிலிருந்த அடிகளும் மறையும்.

அவற்றைக் காப்பவர் யாவர்? இசையொன்றே கற்றவர் தாளத்தைக் குறிப்பர். ஆயின் வட்டாரச் சொல்லிற் பொருள் காணத் தமிழறிவு வேண்டும். தமிழ் மட்டும் கற்றவர் சொல்லை எழுதுவர், பண்ணைத் தவறவிடுவர். இரண்டும் ஓரளவேனும் கற்ற ஒருவர், அதிலும் அம்மண்ணிற் பிறந்தவர், இப்பணிக்கு மிகத் தகுதியுடையார். துணைப்பாடத்தின் பெரும்பயன் இதுவே என்பது எம் துணிபு.

இதற்கு அடித்தளம் பாடசாலையிலேயே இடப்படல் வேண்டும். சாதாரணதர வகுப்பிலே சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வாய்ப்புண்டு; உயர்தரக் கலைப்பிரிவிலும் அவை பாடங்களாக உள. ஆசிரியர் இல்லாமையால் விருப்பத்தைக் கைவிட்டுக் கிடைத்த பாடத்தைக் கற்கும் மாணவரை நாம் எம் வகுப்புகளிற் கண்டு வருந்தியதுண்டு. அவர் குறை திறமையின்மையன்று, வழியின்மையே.

ஆகவே, மாணவமணிகளே, பாடம் தெரியும்போது மூன்றாம் இடத்தை எஞ்சியதொன்றால் நிரப்பாது எண்ணித் தேர்மின். பழைய மாணவர்களே, விழாக்கால மலரோடு எம் கடமை முடிந்துவிடாது. உங்களுள் இசையும் நாடகமும் அறிந்தோர் கிழமைக்கு ஒருநாளேனும் கல்லூரிக்கு வந்து கற்பிப்பீராயின், ஏனையோர் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் முதியோரை அடைவீராயின், அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க எம்மிடம் ஏதேனும் எஞ்சும்.