பழைய இல்லமும் புதிய விருந்தினரும்

பழைமை வாய்ந்த நகரங்களில் முன்னோர் வாழ்ந்த மாளிகைகளே உயர்தர விடுதிகளாக மாறுதல் இக்காலத்து வழக்காயிற்று. இதன் இயல்பை அறியக் கம்பம் பள்ளத்தாக்கினராகிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. புதுச்சேரியை நோக்குதல் சாலும்.

1761-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அந்நகரை ஒரு கால்வாய் இரு கூறாக்குகின்றது. கடலையடுத்த கிழக்கில் பிரெஞ்சுக்காரர் இல்லங்கள் உயர்ந்த மதிலும் பெருங்கதவும் உடையன. மேற்கிலுள்ள தமிழர் இல்லங்களோ, தெருவை நோக்கித் திண்ணையும் தாழ்வாரமும், உள்ளே காற்றும் ஒளியும் புக முற்றமும் உடையன. பெருமாள் கோயில் தெருவில் நூறாண்டு கடந்த இத்தகைய இல்லமொன்று 'மேசோன் பெருமாள்' என்னும் விடுதியாக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் காரணம் யாது? பெரிய வீடு பாகப்பிரிவினையால் பலர்க்கு உரியதாகின்றது. ஓடு மாற்றவும், சுண்ணாம்பு பூசவும், மரத்தூண்களைக் கறையான் அரியாது காக்கவும் ஆகும் செலவை ஏற்பார் இலர். முடிவில் வீடு இடிபடுகின்றது. விடுதியாயின், தங்குவோர் தரும் பொருளே வீட்டைக் காக்கின்றது. பழைய முறையறிந்த கொத்தனுக்கும் தச்சனுக்கும் தொழில் கிடைக்கின்றது.

எனினும், வழிப்போக்கன் காசின்றி இளைப்பாறிய திண்ணை, பொருளுடையார்க்கே உரியதாதலை நாம் மறத்தலாகாது. வீடு பிழைத்தது, அதன் விருந்தோம்பல் விலைப்பட்டது.

நம்மூர்த் தெருக்களிலும் திண்ணை வீடுகள் அருகி வருகின்றன. அவையனைத்தும் விடுதியாதல் இயலாது. சில நூல்நிலையமாகலாம், சில மாணவர் உறைவிடமாகலாம். இடிக்கக் கடப்பாரை எடுக்குமுன் இதனை எண்ணுதல் நம் கடனாகும்.