வாய் சொன்னதை மனம் நம்பும்

“எனக்கு நாசி லெமாக் வேண்டாம்பா, ரொம்ப குண்டாயிட்டேன்.”

“நீயா குண்டு? என்னைப் பாரு, நான்தான் யானை மாதிரி இருக்கேன்!”

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இப்படிப்பட்ட பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தோழி ஒன்றும் பேசமாட்டாள். தன் தட்டை மட்டும் மெல்லத் தள்ளிவைப்பாள். மாணவர்களிடம் இதே பேச்சு வேறு வடிவத்தில் வரும்: “கை குச்சி மாதிரி இருக்குடா, தசையே இல்லை.”

இதற்கு ஆய்வாளர்கள் ‘ஃபேட் டாக்’ என்று பெயரிட்டுள்ளனர். நாம் ‘குண்டுப் பேச்சு’ எனலாம். பார்ப்பதற்கு வேடிக்கைதான். ஆனால், பேசுபவர்கள் அனைவரும் தெரியாமலேயே ஒரு விதிக்குத் தலையாட்டுகிறார்கள்: ஒல்லியாக இருந்தால்தான் அழகு. அந்த விதியை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

பிஜிக்கு வந்த தொலைக்காட்சி

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுகளின் பூர்வ குடிமக்களிடையே நல்ல சதைப்பற்றுள்ள உடல்தான் மதிக்கப்பட்டது. அது உழைக்கும் வலிமையின் அடையாளம். குடும்பமும் ஊரும் அவரை நன்றாகக் கவனித்துக்கொள்கின்றன என்பதற்கும் சான்று.

அங்குள்ள நட்ரோகா வட்டாரத்திற்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், அவ்வட்டாரப் பள்ளி மாணவிகளிடம் 1995இலும் 1998இலும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார். உணவைப் பற்றிய எண்ணங்கள் கவலைக்குரிய அளவில் இருந்த மாணவிகள் முதலில் 12.7 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில் அது 29.2 விழுக்காடாக உயர்ந்தது. சில வேளைகளிலாவது தாங்கள் குண்டாக இருப்பதாக உணர்வதாக 1998இல் 74 விழுக்காட்டினர் கூறினர்.

தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று இந்த ஒரு சிறிய ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது: அழகுக்கான அளவுகோல் பிறப்போடு வருவதில்லை. நாம் அதைக் கற்றுக்கொள்கிறோம். கற்றுக்கொண்டதைக் களையவும் முடியுமா?

ஒரு டாலர் சோதனை

இக்கேள்விக்கான விடை, உணவோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வில் தொடங்குகிறது. 1959இல் உளவியலாளர்கள் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து, பலகையில் பொருத்திய முளைகளை மீண்டும் மீண்டும் கால் சுற்று திருப்புவது போன்ற சலிப்பூட்டும் வேலைகளைச் செய்ய வைத்தனர். பிறகு, “அடுத்து வருபவரிடம் இந்த வேலை சுவையாக இருந்தது என்று சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டனர். அப்படிச் சொல்வதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்தனர்.

கடைசியில், “உண்மையில் அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்ததா?” என்று கேட்டனர். அதிகம் பிடித்திருந்ததாகச் சொன்னவர்கள் 1 டாலர் பெற்றவர்கள்தாம்!

ஏன்? 20 டாலர் வாங்கியவருக்குக் காரணம் இருந்தது: “பணத்துக்காகச் சொன்னேன்.” 1 டாலர் வாங்கியவருக்கு அந்தச் சாக்கு போதவில்லை. வாய் ஒன்றைச் சொல்ல, மனம் வேறொன்றை நினைத்தால் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் எழும். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. எனவே மனம் தன் கருத்தையே மாற்றிக்கொள்கிறது. இந்த உறுத்தலை உளவியலில் ‘அறிவாற்றல் முரண்பாடு’ என்பார்கள்.

கூடி உட்கார்ந்து எதிர்த்துப் பேசுதல்

இந்தக் கோட்பாட்டை அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உடல் தோற்றக் கவலைக்குப் பயன்படுத்தினார். அவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய குழுப் பயிற்சியின் பெயர் ‘பாடி புரோஜெக்ட்’. தங்கள் உடலைப் பற்றிக் கவலைப்படும் மாணவிகள் சிலர் விரும்பிச் சேர்ந்து, ஒரு சிறு குழுவாக வாரம் ஒருமுறை கூடுவார்கள்.

அங்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை. மாணவிகளே பேச வேண்டும். ‘ஒல்லிதான் அழகு’ என்ற எண்ணத்தைத் துரத்துவதால் பணம், நேரம், உடல்நலம், மகிழ்ச்சி என எவையெல்லாம் பறிபோகின்றன என்று பட்டியலிடுவார்கள். தன்னைவிட இளைய ஒரு பெண்ணுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள். ‘நான் பட்டினி கிடக்கப் போகிறேன்’ என்று நடிக்கும் ஒருவரிடம் வாதாடி அவர் மனத்தை மாற்ற முயல்வார்கள். கண்ணாடி முன் நின்று, தங்களிடம் பிடித்தவற்றை எழுதி வந்து குழுவில் சொல்வார்கள்.

யாரும் வற்புறுத்தவில்லை, பெரிய பரிசும் இல்லை. பலர் முன்னிலையில் தானாகச் சொன்ன சொல் என்பதால், 1 டாலர் மாணவரைப் போலவே மனம் அதன் பக்கம் சாய்கிறது. ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்று ஒளித்துவைத்த கவலை எதிரில் இருப்பவருக்கும் உண்டு என்பதும் அங்கே தெரியவருகிறது.

பலன் உண்டா? 481 மாணவிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. பயிற்சி எதுவும் பெறாதவர்களைவிட, இக்குழுவினருக்கு மூன்று ஆண்டுகளில் உணவுக் கோளாறு தோன்றும் ஆபத்து 60 விழுக்காடு குறைவாக இருந்தது. 100 பேரில் 60 பேர் தப்பினர் என்று இதற்குப் பொருளல்ல. 10 பேருக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் 4 பேருக்கே வந்தது என்று பொருள். நல்ல உணவுப் பழக்கத்தில் சிறு மாற்றங்களைச் செய்யக் கற்றுத்தந்த மற்றொரு பயிற்சியும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது.

எல்லாக் குழுவும் நல்ல குழு அல்ல

நான்கு பேர் கூடி எடையையும் கலோரியையும் ஒப்பிட்டுப் போட்டி போட்டால், அதே குழு நோயை வளர்க்கும். மேலும், இத்தகைய பயிற்சி வருமுன் காப்பது. வந்த நோய்க்கு மருந்தல்ல. வேண்டுமென்றே உணவைத் தொடர்ந்து தவிர்ப்பது, ஒளிந்து உண்பது, எடை வேகமாகக் குறைவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை தெரிந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உணவுக் கோளாறு இதயத்துடிப்பையும் எலும்புகளையும்கூடப் பாதிக்கும். ஆண்களுக்கும் வரும். பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண்: 15555.

செய்து பாருங்கள்

இந்த வாரம் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: ஏழு நாள்களுக்கு யார் உடலைப் பற்றியும் குறை பேசக்கூடாது, தன் உடல் உட்பட. கல்யாண வீட்டில் ஓர் அத்தை, “என்னம்மா, உடம்பு போட்டுட்டியே!” என்று கேட்டால் மரியாதையாக என்ன பதில் சொல்லலாம் என்று நால்வரும் கூடி யோசித்து, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஏழாம் நாள், எத்தனை முறை நாக்கு நுனிவரை அந்தப் பேச்சு வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.