கடற்கரை விடுமுறையில் ஒரு தெரு தள்ளி: புரி காட்டும் வழி

குடும்பச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது நாம் பெரும்பாலும் இரண்டு செலவுகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம்: பயணச்சீட்டு, தங்கும் அறை. இவை புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிடும் தொகைகள். திட்டத்தை மீறுபவை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வரும் செலவுகளே: உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, பொழுதுபோக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டில் தலைக்கு 150 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றாது. நால்வர் கொண்ட குடும்பம், நாளொன்றுக்கு இரண்டு வேளை, நான்கு நாள்கள் எனக் கணக்கிட்டால் அதுவே 4,800 ரூபாய் ஆகிவிடும். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு அது மேலும் ஒரு நாள் தங்குவதற்கான செலவாகும்.

குறைந்த செலவு என்பது குறைந்த மகிழ்ச்சி அன்று. கடற்கரை ஊர்களில் பல நேரங்களில் இதற்கு நேர்மாறானதே உண்மை. ஒடிசாவின் புரி நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் பார்ப்போம். ஜகந்நாதர் ஆலயத்தின் பொருட்டு நம்மவர் அறிந்த ஊர் அது. குடும்பத்துடன் நான்கு நாள் தங்கத் தக்க கடற்கரை ஊர் என்ற முறையில் அறிந்தவர் குறைவு.

கடலோர உணவகம் ஏன் விலை அதிகம்?

கடலைப் பார்த்த கட்டடத்தின் வாடகை அதிகம் என்பது வெளிப்படை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கடலோர உணவகத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஒரே முறை வருபவர். உணவு நன்றாக இல்லாவிட்டாலும், விலை கூடுதலாக இருந்தாலும், அவர் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். அவர் இடத்தில் வேறொருவர் வருவார். ஆகவே தரத்தைக் காக்க வேண்டும் என்ற கட்டாயம் கடைக்காரருக்குக் குறைவு.

ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கும் உணவகத்தின் நிலை வேறு. அங்கே உண்பவர்கள் கடைத்தெரு வணிகர்கள், அலுவலக ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் நாளையும் வர வேண்டும். ஒரு நாள் பருப்பு தீய்ந்தால் மறுநாள் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். தொடர்ந்து வரும் வாடிக்கையாளரே தரத்தின் காவலர். நாம் தேட வேண்டியது இத்தகைய கடைகளையே.

அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை உள்ளூர் மக்கள் அமர்ந்திருக்கும் கடை. விலைப்பட்டியல் நீளமாக இல்லாமல் அன்று சமைத்த நான்கைந்து உணவுகளை மட்டும் சொல்லும் கடை. முழுச் சாப்பாட்டுக்கு ஒரே விலை எழுதி வைத்திருக்கும் கடை. வழி கேட்கும்போது, வாடிக்கையாளரை அழைத்து வருவதற்குத் தரகு பெறக்கூடியவர்களைத் தவிர்த்து, மருந்துக்கடைக்காரர், துணிக்கடை ஊழியர் போன்றோரிடம் கேட்பது நல்லது. கேள்வியும் முக்கியம். ‘நல்ல ஓட்டல் எது?’ என்றால் பெரிய ஓட்டலைக் காட்டுவார்கள். ‘நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?’ என்றால்தான் நமக்கு வேண்டிய விடை கிடைக்கும்.

புரியில் என்ன உண்பது?

ஒடிசாவின் அன்றாட உணவு நமக்கு அந்நியமானதன்று. ‘தால்மா’ என்பது பருப்புடன் வாழைக்காய், கத்தரிக்காய், பூசணி, பப்பாளிக்காய் ஆகியவற்றைச் சேர்த்து வேகவைத்து, வறுத்த சீரகமும் மிளகாயும் பொடித்துத் தூவுவது. சோற்றுடன் இதைக் குழந்தைகள் விரும்பி உண்பார்கள். ‘பகாளா’ நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு; வறுவல், துவையல் ஆகியவற்றுடன் கோடையில் பரிமாறப்படும். காலையில் அரிசியும் உளுந்தும் அரைத்துச் செய்யும் ‘சக்குளி’ தோசையை ஒத்தது. வடையும் பட்டாணிக் குழம்பும் சேர்ந்த ‘பரா குகுனி’யைத் தெருவோரக் கடைகளில் சூடாக வாங்கலாம். இனிப்பில், பாலாடைக்கட்டியைச் சர்க்கரையுடன் சுட்டு எடுக்கும் ‘சேனா போடா’வும், கோயில் நகரத்துக்கே உரிய ‘காஜா’வும் தவறவிடக் கூடாதவை. மீன் உண்பவர்கள் சொர்க்கத்துவாரம் பகுதியின் உட்தெருக்களில் வங்காள, ஒடிய முறை மீன் சாப்பாட்டுக் கடைகளைத் தேடலாம். மாலையில் கடற்கரையில் பொரிக்கும் மீனை எடை போட்டு விற்பார்கள். எத்தனை கிராமுக்கு என்ன விலை என்பதைப் பொரிப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவை அனைத்துக்கும் மேலான அனுபவம் ஜகந்நாதர் ஆலய வளாகத்தினுள் அமைந்த ‘ஆனந்த பஜார்’. விறகு அடுப்பில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைத்து, இறைவனுக்குப் படைத்த பின் விற்கப்படும் மகாபிரசாதம் இங்கே கிடைக்கும். சோறு, பருப்பு, காய்கறிக் கூட்டு, இனிப்பு எனத் தனித்தனியாக வாங்கலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளி இவற்றில் இடம்பெறுவதில்லை. சாதி வேறுபாடின்றி எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்பதே இவ்விடத்தின் மரபு. விலையை முதலில் கேட்டுப் பேசிக்கொள்வது அவசியம். ஆலயத்தினுள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்பதும், உடைக் கட்டுப்பாடு உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். கைப்பேசியை உள்ளே எடுத்துச் செல்ல இயலாது. எனவே யூபிஐ இங்கே பயன்படாது. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள்.

கூட்டம் சேராத இடங்கள்

விடியற்காலையில் தொடங்குவோம். நகரின் வடகிழக்குப் பக்கம் உள்ள பெந்தகட்டா மீனவர் குடியிருப்பில், இரவு கடலுக்குச் சென்ற படகுகள் திரும்பும் நேரம் அது. தெலுங்கு பேசும் ‘நோலியா’ மீனவர்கள் அங்கே வாழ்கிறார்கள். படகைக் கரையேற்றுவதும், மீனைத் தரம் பிரிப்பதும், ஏலம் விடுவதும் நகரத்துப் பிள்ளைகள் வேறெங்கும் காண முடியாத காட்சி. செலவு எதுவும் இல்லை. வேலை செய்பவர்களுக்கு இடையூறின்றி நிற்பதும், படம் எடுக்குமுன் அனுமதி கேட்பதும் போதும்.

இதே நோலியாக்களில் சிலர், கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, கடலில் குளிப்போருக்குப் பாதுகாவலராக நிற்பார்கள். புரியின் அலைகள் வலிமையானவை. கரையும் சட்டென ஆழமாகும். குழந்தைகளுடன் இறங்குவோர் ஒரு தொகையைப் பேசிக்கொண்டு நோலியா ஒருவரின் துணையுடன் குளிப்பதே அறிவுடைமை. சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். 2020-ஆம் ஆண்டில் ‘நீலக்கொடி’ச் சான்று பெற்ற கோல்டன் பீச் பகுதி தூய்மையாகப் பராமரிக்கப்படுவதால் சிறு குழந்தைகளுக்கு ஏற்றது.

இரண்டாம் நாள் ரகுராஜ்பூர் செல்லலாம். பார்கவி ஆற்றங்கரையில், நகரிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரப் பயணத்தில் உள்ள சிற்றூர். வீட்டுக்கு வீடு ஓவியர்கள். துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் ‘பட்டசித்திரம்’ தீட்டுகிறார்கள். வெள்ளை நிறம் சங்கிலிருந்து, கறுப்பு விளக்குக் கரியிலிருந்து. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறும் சித்திரங்களும் இங்கே உண்டு. ஓடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926-இல் பிறந்தது இவ்வூரில்தான். சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் ‘கோட்டிபுவா’ நடனமும் இங்கே பயிற்றுவிக்கப்படுகிறது.

ஓவியங்களில் கறுப்பு, வெள்ளைக் குதிரைகளில் வரும் இரு வீரர்கள் ஒரு தயிர்க்காரப் பெண்ணிடம் தயிர் வாங்கும் காட்சியைக் காண்பீர்கள். ஒடிசா மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சி மீது படையெடுத்தபோது ஜகந்நாதரும் பலபத்திரரும் வீரர் வடிவில் முன்னே சென்றதாகவும், வழியில் மாணிகா என்பவளிடம் தயிர் உண்டு மோதிரத்தை ஈடாகத் தந்ததாகவும் சொல்லும் கதை அது. அந்தக் காஞ்சி நம் காஞ்சிபுரம் என்று சொன்னால் பிள்ளைகளின் ஆர்வம் கூடும். ஓவியரிடமே நேராக வாங்கும்போது இடைத்தரகருக்குப் போகும் பங்கு அவர் கைக்கே சேர்கிறது. அவர் உழைத்த நாள்களைக் கேட்டறிந்த பிறகு விலை பேசுங்கள். பேரம் தானாகவே அளவோடு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் கோனார்க். சூரியன் கோயில் பலரும் அறிந்ததே: 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்ம தேவர் எழுப்பியது, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. பலர் கவனிக்காமல் கடந்து போவது அங்கே செல்லும் வழியை. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளும் கடலோரச் சாலை சவுக்குத் தோப்புகளின் ஊடே, புள்ளிமான்கள் வாழும் பாலுகண்டா சரணாலயத்தின் வழியாகச் செல்கிறது. கோனார்க்குக்குச் சற்று முன்னதாக, குசபத்ரா ஆறு கடலில் சேரும் இடத்தில் ராமசண்டி கோயில் உள்ளது. ஒருபுறம் அமைதியான ஆறு, மறுபுறம் ஆர்ப்பரிக்கும் கடல். கட்டிக்கொண்டு போன மதிய உணவை உண்ண இதைவிட நல்ல இடம் அவ்வழியில் இல்லை. டிசம்பர் முதல் ஐந்து நாள்களில் சென்றால், கோனார்க் நடன விழாவையும் சந்திரபாகா கடற்கரையில் மணற்சிற்ப விழாவையும் ஒருங்கே காணலாம்.

நான்காம் நாள் சிலிகா ஏரி. புரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாத்தபாடாவில் படகேறினால் ஐராவதி ஓங்கில்களைக் காணும் வாய்ப்பு உண்டு. 1981-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இவ்வேரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் பெருமளவில் வருகின்றன. படகுக்கு முழுத் தொகை பேசப்படுவதால், மற்றொரு குடும்பத்துடன் பகிர்ந்துகொண்டால் செலவு பாதியாகும். ஏறுமுன் நேரம், செல்லும் இடங்கள், உயிர்காப்பு அங்கி மூன்றையும் உறுதி செய்யுங்கள். வழியில் உள்ள மணல்திட்டுகளில், கண்ணெதிரே சிப்பியை உடைத்து முத்தும் பவளமும் எடுத்துக் காட்டி விற்பவர்கள் உண்டு. அவை முன்பே உள்ளே வைக்கப்பட்டவை, வாங்காதீர்கள். சாத்தபாடாவிலிருந்து அக்கரையிலுள்ள ஜன்னிகுடாவுக்கு வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுச் சேவை உண்டு. ஏரியைப் பார்க்க மட்டும் விரும்புவோர் சிறு கட்டணத்தில் அதில் சென்று திரும்பலாம்.

காலமும் கட்டணமும்

புரியின் அறை வாடகை நாளுக்கு நாள் மாறும். துர்கா பூஜை, டிசம்பர் இறுதி, ஆனி–ஆடியில் வரும் தேர்த்திருவிழா ஆகிய காலங்களில் உச்சத்தில் இருக்கும். வங்காளத்திலிருந்து வார இறுதியில் வருவோர் மிகுதி என்பதால், திங்கள் முதல் வியாழன் வரை தங்குவது சிக்கனமானது. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதமானவை. மே மாதமும் அக்டோபர், நவம்பரும் புயல் உருவாகக்கூடிய காலம்; 2019 மே 3 அன்று ‘ஃபானி’ புயல் புரிக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. அம்மாதங்களில் செல்வோர், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. சென்னை–ஹவுரா தடத்தில் செல்வோர் குர்தா ரோடு சந்திப்பில் இறங்கி 44 கிலோமீட்டரில் புரியை அடையலாம்.

பணத்தைக் கையாளும் முறை

முதலாவது, சேமிப்பு. மாதம் 3,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் செலுத்தினால், 36,000 ரூபாயும் வட்டியும் பயண நேரத்தில் கையில் இருக்கும். கடன் அட்டையில் செலவழித்துவிட்டுப் பின்னர் வட்டியுடன் கட்டும் விடுமுறை, திரும்பி வந்த பிறகும் முடிவதில்லை.

இரண்டாவது, அறைப் பதிவு. பெயர் பெற்ற விடுதிகளின் பெயரிலேயே போலி இணையதளங்கள் நடத்தப்படுகின்றன. தேடலில் முதலில் வரும் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். விடுதியின் அதிகாரபூர்வ முகவரியைச் சரிபார்த்து, பெறுபவர் பெயர் திரையில் தோன்றும்போது அது விடுதியின் பெயர்தானா என்று பாருங்கள். தனிநபர் பெயர் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் உதவும்.

மூன்றாவது, அன்றாடச் செலவு. தேநீர், ஆட்டோ போன்ற சிறு தொகைகளுக்கு யூபிஐ லைட் வசதியைப் பயன்படுத்தலாம். அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க இயலாது என்பதே அன்றாடச் செலவுக்கு ஒரு வேலியாக அமையும்.

நான்காவது, உணவக ரசீது. ‘சேவைக் கட்டணம்’ என்று சேர்க்கப்பட்டிருந்தால் அது கட்டாயமன்று. நீக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரி வேறு, சேவைக் கட்டணம் வேறு.

இங்கே சொன்னவை புரிக்கு மட்டும் உரியவை அல்ல. கோவாவானாலும் கோகர்ணமானாலும் திகாவானாலும், கடலைப் பார்த்து ஒரு மணி நேரம் அமர்ந்த பின் கடலுக்கு முதுகு காட்டி ஒரு தெரு நடந்தால், அந்த ஊர் எதை உண்கிறது, எதைச் செய்து பிழைக்கிறது என்பது தெரியவரும். அடுத்த விடுமுறைக்கான தொகையை ஒதுக்கும்போது, அதில் ஒரு பகுதியை எந்தத் திட்டமும் இல்லாமல் உள்ளூர்க் கைவினைக்கும் உள்ளூர் உணவுக்கும் என்று தனியே குறித்து வையுங்கள். பிள்ளைகளையே அந்தத் தொகைக்குக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். பணத்தின் மதிப்பை அவர்கள் கற்றுக்கொள்ள அதைவிட இனிய வகுப்பறை கிடைப்பது அரிது.