கன்னங்குறிச்சிக்கு வந்த சைபீரியா விருந்தாளி

பறவை பார்க்க வேடந்தாங்கல்தான் போகணும்னு யார் சொன்னது? கார்த்திகை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் டவுன் பஸ் பிடித்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்ப் பாருங்கள்.

காலை ஆறரை மணி. சேர்வராயன் மலை மேல் மேகம் படுத்துக் கிடக்கிறது. கரையில் பைனாகுலரும் கையுமாக நானும் ஆபீஸ் நண்பரும். அந்தப் பக்கம் வந்த பெரியவர், "ஏனுங்க தம்பி, எதாச்சும் தொலைச்சுப்புட்டீங்களா?" என்றார்.

"பறவை பாக்கறோங்க."

"பறவைய மேல பாக்காம சேத்தைப் பாக்கறீங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் இந்த மாசத்தில் விசேஷமே சேற்றில்தான். முதுகெல்லாம் பொரி தூவினாற்போல ஒரு பறவை, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தது. பொரி உள்ளான்! வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடுவதற்குள் தெற்கே கிளம்புகிற ஜாதி. எடை? ஏறக்குறைய ஒரு நாமக்கல் முட்டை!

நடு ஏரியில் கறுப்பாய் ஒரு கூட்டம், நெற்றியில் பளிச்சென்று வெள்ளை. "நாமக்கோழி" என்றேன். நண்பருக்குச் சொந்த ஊர் நாமக்கல். "எங்க ஊர்ல இப்படி ஒரு பிராய்லரே கிடையாதுப்பா" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

சாக்கடையும் குப்பையுமாகக் கிடந்த ஏரி இது. 2010-ல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் நாய்த் தொல்லை இல்லாத லாட்ஜ்!

பல ஊர்களில் ஏரியை 'அழகுபடுத்துவது' என்றால் வேறு மாதிரி. சுற்றிலும் கருங்கல் சுவர், நடைபாதை, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. வாக்கிங் போக சௌகரியம்தான். ஆனால் விளிம்பைச் செங்குத்தாக வெட்டி ஆழமாக்கினால், நாமக்கோழி நீந்திப் பிழைத்துக்கொள்ளும். உள்ளான் என்ன செய்யும்? கால் எட்டுகிற தண்ணீரில், அலகு இறங்குகிற சேற்றில்தான் அதற்குச் சாப்பாடு. சைபீரியாவிலிருந்து வந்தவனுக்கு மெஸ் பூட்டு!

மதியம் ராசிபுரம் வழியாக நாமக்கல் பஸ். ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் பைனாகுலரே வேண்டாம். கரண்ட் கம்பியில் கரிச்சான், தகைவிலான், அடுத்த கம்பத்தில் பனங்காடை. உட்கார்ந்திருந்தால் சாதுவாக இருக்கும். பறந்ததோ, அத்தனை நீலத்தையும் அவிழ்த்துக் காட்டும்.

நண்பர் வீட்டில் அவர் அம்மா காபியோடு ஒரு சேதியும் வைத்திருந்தார். "போன வாரம் ராத்திரி ஒரு கலர்க் குருவி ஹாலுக்குள்ள வந்து விழுந்துருச்சு கண்ணு. பச்சை முதுகு, வயித்துக்கடியில செகப்பு, கட்ட வாலு."

ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் ராத்திரியில் பறந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் களைத்துப்போய் ஊருக்குள் விழும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் விட்டுவைத்தாலே பெரும்பாலும் தெம்பாகிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூண்டில் வளர்த்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. பொட்டில வெச்சு, மறுநா கொய்யா மரத்தடியில விட்டேன். நேத்து சாயங்காலம்கூட கத்துச்சு" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார் அம்மா.

மணி ஐந்து ஐம்பது. காபி டம்ளரோடு மூன்று பேரும் கொல்லைப்பக்கம் போனோம்.