திருத்தித் தருவதும் தானமே

பள்ளியில் முப்பது ஆண்டுகள் சிவப்பு மையால் கட்டுரை திருத்தியவன் நான். பிழையைச் சுழித்து, மதிப்பெண் இட்டு, ஏட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு என் கடமை முடிந்ததென இருந்தேன். "திருத்தி எழுதி வா" என்று சொன்னது மிகச் சிலமுறையே. கணினித் துறையில் நடைபெறும் ஒரு பயிற்சியைப் பற்றி அறிந்தபோது அக்குறை மனத்தை உறுத்தியது.

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இடந்தருவது திறந்த மூல மென்பொருள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அவ்வகையது. இப்பணியில் மாணவர்களைப் பழக்க, 2005இல் கூகுள் நிறுவனம் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தை ஏற்படுத்தியது. 2022 முதல், இத்துறைக்குப் புதியவராய் 18 வயது நிறைந்த பிறரும் சேரலாம்.

மாணவர் தாம் செய்ய விரும்பும் பணியை எழுதி அனுப்புவார். மென்பொருட் குழு ஏற்றால், அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்டியாக அமைவார். மதிப்பீட்டில் தேறினால் கூகுள் உதவித்தொகை வழங்கும்.

எழுதிய நிரல் எடுத்த எடுப்பில் ஏற்கப்படுவது அரிது. வழிகாட்டி வரிவரியாகப் படித்துக் குறைகளைச் சுட்டுவார். மாணவர் திருத்தி மீண்டும் அனுப்புவார். சில வேளை இது நாலைந்து முறை நடக்கும். ஏற்கப்பட்டபின், அந்த மாற்றத்தைச் செய்தவர் இவரென மென்பொருளின் வரலாற்றுப் பதிவில் மாணவரின் பெயரே நிற்கும்.

வழிகாட்டிகள் தரும் நேரம் தொண்டு. பிள்ளைகளின் கல்விக்குப் பொருள் வழங்கும் அன்பர்களே, உங்கள் தொழிலறிவிலும் வாரம் ஒரு மணி நேரம் வழங்குங்கள். "இன்னொரு முறை செய்து பார், தம்பி" என்று உடனிருந்து சொல்ல ஒருவர் வேண்டும். நான் சொல்லத் தவறியது அதுதான்.