விழுப்புரத்தில் இறங்குங்கள்!

விழுப்புரம் ஸ்டேஷனைத் தெரியாதவர் நம்மில் உண்டா? நடுநிசியில் ரயில் நிற்கிறது. "காபி, காபி!" என்று ஒரு குரல் கேட்கிறது. மேல் பலகையில் படுத்திருக்கும் குடும்பத் தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "விழுப்புரம்தானே? இன்னும் வெகு தூரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்கிறார். திண்டிவனத்தின் கதி இதைவிட மோசம். சென்னையிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பாண்டிச்சேரிக்கு இடது கைப் பக்கம் திரும்புகிற ஓர் இடம்; அவ்வளவுதான்.

இந்த இரண்டு ஊர்களிலும் பெட்டி படுக்கையுடன் இறங்குகிறவர்கள், அங்கே அக்கா வீடோ, மாமா வீடோ உள்ளவர்கள் மட்டுமே. அப்படி ஒரு வீடு உங்களுக்கு இருந்தால், சகோதரி, நீங்கள் பாக்கியசாலி. விழுப்புரத்திலிருந்து ஐந்து திக்குகளில் ரயில் பாதை பிரிகிறது. பஸ்களுக்கோ கணக்கில்லை. காலையில் புறப்பட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் பல்லவர் குகையும், பாறைக் கோட்டையும், கல்லாய்ப்போன மரங்களும் காத்திருக்கின்றன. இந்தப் பூஜை விடுமுறையிலோ, அதை அடுத்த மாதங்களிலோ அங்கே நாலைந்து நாள் தங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் கோஷ்டியில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அக்கா வீட்டில் நாலு பேர், உங்கள் வீட்டில் நாலு பேர், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பாட்டி. திட்டம் போடும் பொறுப்பை அத்திம்பேர் ஏற்றுக்கொள்கிறார். ஒரு வேனைப் பேசி, ஒரு காகிதத்தில் எட்டு இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிஷம் ஒதுக்குகிறார். அதில் ஆறாவது இடத்தில் பாட்டி வேனை விட்டு இறங்க மறுத்துவிடுவாள். ஏழாவது இடத்தில் குழந்தைகளும் மறுத்துவிடும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறிய நீங்களும் அக்காவும் முதல் இடத்திலேயே தூங்கி வழிந்திருப்பீர்கள்.

ஆகையால், காகிதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். வழியில் தென்பட்டால் ஒரு சின்ன இடம். அதற்கு மேல் வேண்டாம். கோஷ்டியில் யாருடைய கால் மிகவும் சோர்ந்த காலோ, அந்தக் காலை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

அடுத்தபடியாக வானம். புரட்டாசியில் நடுப்பகல் வெயில் இன்னும் சுடும். ஆனால் மழை மாலையில்தான் வரும் என்று ஓரளவு நம்பலாம். ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியல்ல. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெங்கல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடத்துக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான். முதல் நாள் இரவு வானொலியையோ கைப்பேசியையோ கேட்டுவிட்டு, மறுநாள் இடத்தைத் தீர்மானியுங்கள். மார்கழிப் பிற்பகுதியில், அரைப் பரீட்சை விடுமுறையில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை ரொம்பக் குறைவு. ஏரிகள் நிறைந்திருக்கும், வயல்கள் பச்சைப் பசேல் என்றிருக்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

வானம் வெளுத்திருக்கிற நாளைச் செஞ்சிக்குக் கொடுத்துவிடுங்கள். விழுப்புரத்திலிருந்து சுமார் 38 கிலோ மீட்டர்; திண்டிவனத்திலிருந்து இன்னும் கிட்டம், சுமார் 28. ரயில் கிடையாது, பஸ்தான். ஊருக்குள் இறங்கி, திருவண்ணாமலை சாலையில் ஓர் ஆட்டோ பிடித்தால் கோட்டை வாசல். அடுக்கி வைத்தாற்போன்ற பெரும் பாறைகளுடன் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக்கொண்டு நெடுஞ்சுவர் ஓடுகிறது.

1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் பிற்பாடு இதற்குள் அடைக்கலம் புகுந்தபோது, மொகலாயர் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. எட்டு வருஷ முற்றுகை! அதற்குப் பின்புதான் நம் தெருக்கூத்துக்களிலும் 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் வருகிற ராஜா தேசிங்கு. தேஜ் சிங் என்று பெயர். இருபது வயதைத் தாண்டிச் சில வருஷங்கள்கூட ஆகாத அந்தப் பிள்ளை, 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும் படையை ஒரு சிறு கூட்டத்துடன் எதிர்த்து மாண்டான். அதுவும் இதேபோல ஒரு அக்டோபர் மாதத்தில்தான். பிறகு 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் இங்கிலீஷ்காரர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, மீதி ஒன்று நம் செஞ்சி.

குழந்தைகளுக்கு இந்தக் கதையைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். கோட்டைக்குள் நுழைந்த பிறகு அவர்கள் காது கொடுக்கமாட்டார்கள். குரங்குகளைப் பார்க்கவே நேரம் போதாது. சாப்பாட்டுப் பையை மட்டும் இறுகக் கட்டி வையுங்கள். செஞ்சிக் குரங்குகளுக்கும் புளியோதரை பிடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். இளங்கால்களுக்கே ஏற ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு ஆழமான பிளவு. அதன் மேல் ஒரு குறுகலான பாலம். பாட்டியால் ஏற முடியாது. யாராவது ஒருவர் கீழே துணைக்கு இருக்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? "நீ பாட்டியோடு இரு, நாங்கள் ஓடிப் போய் வந்துவிடுகிறோம்" என்று உங்கள் கையில் நாலு ஜோடிச் செருப்பையும் ஒரு தண்ணீர்க் கூஜாவையும் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். எத்தனை மலைகளின் அடிவாரத்தை இப்படிப் பார்த்திருக்கிறீர்கள்!

இந்தத் தடவை மாற்றிப் பாருங்கள். காலையில், வெயில் ஏறுமுன், நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஏறுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பாட்டியுடன் கல்யாண மஹாலில் இருக்கட்டும். முழங்கால் வலி என்று மாதம் இரண்டு தரமாவது சொல்கிறாரே. இன்றைக்கு அது உபயோகப்படட்டும். அவருக்கும் நஷ்டமில்லை. கீழே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. சதுரமான முற்றம், சுற்றிலும் சிறு சிறு அறைகள், நடுவில் மாடி மேல் மாடியாகக் கூம்பிக்கொண்டே போகும் கோபுரம். இதுதான் கல்யாண மஹால். அந்தப்புரத்துப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். பக்கத்தில் யானைக் குளம். அப்பால் தடித்த சுவர்களுடன் நெற்களஞ்சியம். அதற்குள் நின்று பேசினால் குரல் எதிரொலிக்கும். பாட்டிக்கே சிரிப்பு வந்துவிடும். ராஜகிரி மலைப்பாக இருந்தால் கிருஷ்ணகிரி இருக்கிறது. ராணிக் கோட்டை என்பார்கள். உயரம் குறைவு, படிகளும் ஒழுங்கு.

விழுப்புரத்துக்குத் திரும்பும் வழியில், பாதித் தூரத்தில், மண்டகப்பட்டு. இதுதான் அன்றைய சின்ன இடம். ஒரு பாறையைக் குடைந்து, வாசலில் இரண்டு துவார பாலகர்களை நிறுத்தியிருக்கிறார்கள். மலை ஏற வேண்டியதில்லை. சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்பு மகேந்திரவர்ம பல்லவன் செய்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் அமைத்ததாக அவனே கல்லில் வெட்டி வைத்துப் பெருமைப்பட்டிருக்கிறான். வீடு கட்டிப் பார்த்தவர்கள் அங்கே நின்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயர்பெற்ற குகைக் கோயில்களுக்கெல்லாம் மூத்த வரிசையில் நிற்பது இது. ஆனாலும் கூட்டம் கிடையாது.

பரீட்சையைக் கண்டு அழும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதே திக்கில் இன்னொரு நாள் எண்ணாயிரத்துக்கு அழைத்துப் போங்கள். நரசிம்மப் பெருமாள் கோயில். 340 மாணாக்கர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே நடந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்வெட்டில் கணக்கு இருக்கிறது.

திண்டிவனத்துப் பக்கம் தங்குகிறவர்களுக்கு, குழந்தைகளை மெய்ம்மறக்கச் செய்யும் இடம் திருவக்கரை. கட்டை கட்டையாக மரங்கள் கிடக்கும். தொட்டால் கல்! ஏறக்குறைய இரண்டு கோடி வருஷங்களுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் இழை இழையாகக் கல் குடியேறிப்போன மரங்கள். வெள்ளத்தில் உருண்டு வந்ததால்தான் எதற்கும் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதற்குள்ளே வளையங்கள்கூடத் தெரியும். அரசாங்கத்தின் புவியியல் இலாகா பாதுகாத்து வருகிறது. ஒரு சின்னத் துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பையன்களிடம் முன்னதாகவே கண்டித்துச் சொல்லிவிடுங்கள். பாட்டிக்கு அதே ஊரில் வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிறது. பௌர்ணமியில் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். திரும்பும்போது மயிலம் முருகனையும் பார்த்துவிட்டால் நாள் நிறைந்துவிடும்.

மரக்காணத்தில் உப்பளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோடையில் வாருங்கள். மழைக் காலத்தில் பாத்திகள் முழுகிக் கிடக்கும், வேலை நடக்காது. அதற்கு ஈடாக, மழைக்குப் பிறகு பக்கத்திலுள்ள கழுவேலி ஏரியில் பறவைகள் வந்து இறங்கும். 2021-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. விடியற்காலையில் போக வேண்டும். ஆகவே பாட்டியை வீட்டில் விட்டு, உற்சாகமுள்ளவர்கள் மட்டும் போனால் போதும்.

மேல்மலையனூருக்கு வேண்டுதல் இருந்தாலொழிய, அமாவாசையன்று அந்தப் பக்கமே திட்டம் போடாதீர்கள். அங்காளம்மன் ஊஞ்சலைக் காண ஜன சமுத்திரம் கிளம்பும். செஞ்சி பஸ்களில் கால் வைக்க இடம் இராது. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைச் சாலையும் அப்படித்தான்.

பெண்களுக்கு மட்டும் தெரிந்த கஷ்டம் ஒன்று உண்டு. சிறிய ஊர்களில், குகைக் கோயில்களில் கழிப்பறையை நம்பிப் போக முடியாது. இதற்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சாயங்காலம் தலைவலியோடு திரும்புகிற பெண்கள் எத்தனையோ பேர். பெரிய ஊரில் ஒரு நல்ல ஹோட்டலில் காலைச் சிற்றுண்டியை வைத்துக்கொண்டு, அங்கேயே அந்தக் காரியத்தையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அந்த ஊருக்கே திரும்பி விடுங்கள். ஹோட்டலில் காலைப் பலகாரம் என்றால், நாலு மணிக்கு எழுந்திருக்கிற வேலையும் மிச்சம். "ஒன்பது பேருக்கு ஹோட்டலா? செலவு!" என்று ஆட்சேபணை எழும். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பிரயாணத்தை 2021-இல் தொடங்கினார்களே, அதில் மிஞ்சுகிற காசைக் கணக்குக் காட்டுங்கள்.

பாண்டிச்சேரியைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அடுப்பே மூட்ட வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் ஆகாது, மியூசியம் மூடியிருக்கும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. பாட்டி பயமில்லாமல் நடு ரோட்டில் நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்களைக் கவனியுங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. விழுப்புரத்திலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். ஒரு மணி நேரம்தான். காலையில் இறங்கியதும் சாயங்கால ரயிலின் நேரத்தை ஸ்டேஷனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டால், பாட்டிக்கு ஒரு ஜன்னல் ஓரமும் உங்களுக்கு இன்னொன்றும் நிச்சயம் கிடைக்கும்.