அந்தக் கறுப்புக் கோடு ஓடுகிறது பாருங்கள்!

திருப்பூரின் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்பு மீட்டர் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகடு சுழலும், விளிம்பிலிருக்கும் கறுப்புக் கோடு வந்து வந்து போகும். அதற்குள் என்னதான் நடக்கிறது? சீல் வைத்த மீட்டரில் கை வைக்கக் கூடாது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் வகுப்பு மேசையில் மூடி கழற்றிய மீட்டர் இருந்தால் விடாதீர்கள், குனிந்து பாருங்கள்!

அந்த அலுமினியத் தகட்டுக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை! ஒரு பக்கம் மெல்லிய கம்பியை ஏராளமாகச் சுற்றிய காயில், அது வோல்டேஜுக்கு. எதிரே தடித்த கம்பியில் சில சுற்றுகள், வீட்டின் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்து தகட்டுக்குள்ளேயே மின்னோட்டத்தைக் கிளப்ப, தகடு தொடாமலே நகர்கிறது.

இதைவிட அழகு, ஓரத்தில் தகட்டைக் கவ்வி நிற்கும் காந்தம். அது பிரேக்! அது இல்லாவிட்டால் ஒற்றை குண்டு பல்புக்கே தகடு வேகமெடுத்துக்கொண்டே போகும். வேகம் கூடக்கூடப் பிடியும் இறுகுவதால், செலவாகும் மின்சாரத்துக்கு ஏற்ற வேகத்தில் தகடு நிலைக்கிறது. நிட்டிங் மெஷினில் ரவுண்டை எண்ணி ரோலை இறக்கும் ஊருக்கு மேலே விளக்க வேண்டுமா? இங்கேயும் ரவுண்டுதான் கணக்கு. பல்சக்கரங்கள் அதை எண்ணி யூனிட்டாகக் காட்டுகின்றன.

எடிசன் காலத்து மீட்டரில் துத்தநாகத் தகடுகளை எடுத்துப்போய் எடை போட்டு பில் எழுதினார்கள். 1888-ல் அமெரிக்காவில் ஆலிவர் ஷாலன்பெர்கர், ஆர்க் விளக்குக்குள் விழுந்த ஒரு ஸ்பிரிங் தானாகச் சுழல்வதைப் பார்த்தார். அதை வைத்தே ஒரு மீட்டர் செய்துவிட்டார்! மறு ஆண்டு புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய மீட்டரின் எடை 23 கிலோ. எந்தச் சுவர் தாங்கும்! 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி கோவை வட்டாரத்துக்குக் கரண்ட் வந்தபோது, கையில் தூக்கும் அளவுக்கு மீட்டர் இளைத்துவிட்டது.

இப்போது எங்கும் எலக்ட்ரானிக் மீட்டர்கள். சுழலும் தகடு எங்காவது கண்ணில் பட்டால் முகப்பு எழுத்தைப் படியுங்கள். யூனிட்டுக்கு 600 சுற்று என்றிருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 100 வாட் குண்டு பல்பை மட்டும் போடுங்கள். கறுப்புக் கோடு நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் ஆறு விநாடிக்கு ஒரு சுற்று. வாட்ச் வைத்துப் பாருங்கள்!